11 கிலோ பையனுக்கு 400, 70 கிலோ ஆளுக்கு 500: இந்த ஆன்டிபயாடிக் கணக்கு சரியா?

திருமங்கலத்து மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இப்போது மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசை மேல் வெங்காயக் கூடையைத் தள்ளிவிட்டு மருந்துதான் உட்கார்ந்திருக்கிறது. மூன்று சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அதனால் கேட்கிறேன்.

முதலில் பையன். இரண்டரை வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான், ராத்திரி முழுக்க அழுகை. டாக்டர் எடை போட்டார், 11.5 கிலோ. காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு அமாக்சிசிலின் கிளாவுலனேட் சிரப் 457, காலை 5 மி.லி., இரவு 5 மி.லி., 7 நாள் என்று எழுதினார். மருந்துக்கடையில் 457 இல்லை என்று 228 கொடுத்தார்கள். "ஒரே மருந்துதாம்மா, பவர் கம்மி, பிள்ளைக்கு நல்லதுதான்" என்று சொல்லி, பாட்டில் மேல் பேனாவால் 5 மி.லி. என்றே எழுதியும் கொடுத்துவிட்டார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து என் வீட்டுக்காரர். கடவாய்ப் பல் வீங்கி, 625 மாத்திரை மூன்று வேளை. அந்த அட்டையில் அமாக்சிசிலின் 500 என்று போட்டிருக்கிறது. பையன் சீட்டில் இருக்கிற 457இல் அமாக்சிசிலின் 400ஆம், கூகுளில் பார்த்தேன். அப்படியென்றால் 70 கிலோ மனுசனுக்கு ஒரு வேளைக்கு 500, 11 கிலோ பையனுக்கு 400ஆ? டாக்டர் கை தவறி எழுதிவிட்டாரோ, அப்படியென்றால் கடைக்காரர் குறைத்துக் கொடுத்ததுதான் சரியோ என்று ஒரு யோசனை.

மூன்றாவது மாமியார். 74 வயது, 40 கிலோதான் இருப்பார்கள், சர்க்கரை உண்டு. நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். யூரின் கல்ச்சர் பார்த்துவிட்டு லீவோஃப்ளாக்சசின் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முதல் நாள் மட்டும் 500, இரண்டாம் நாளிலிருந்து 250. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதே தொந்தரவுக்கு இதே மாத்திரை, எல்லா நாளும் 500. இதைக் கேட்டதிலிருந்து மாமியார், "கிழவிதானே, போனாப் போறான்னு எனக்கு மட்டும் பாதி எழுதிட்டாரா" என்று காலையிலிருந்து ஒரே பேச்சு. அதே மாமியார்தான் பேரனுக்குப் பாலாடையில் நான் மருந்து ஊற்றியதும், "இம்புட்டையுமா குடுக்கிற, சூடாயிரும்டி" என்று பாதியைக் கீழே ஊற்றச் சொன்னார்கள், நானும் ஊற்றினேன்.

பையனுக்கு இரண்டு வேளை போயிருக்கிறது, காய்ச்சல் விடவில்லை. சின்னப் பிள்ளைக்கு அள்ளிக் கொடுத்து, வயசானவருக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்களே, இது என்ன கணக்கு?

---

டவுன்ஹால் ரோடு மெடிக்கல் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த பாட்டில் விஷயத்தை முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். 23 வருசமாக கவுன்ட்டரில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கடையில் செய்தது தப்பு.

457 என்பது 5 மி.லி.யில் அமாக்சிசிலின் 400 மி.கி., அதைக் கிருமி முறித்துவிடாமல் காக்கிற துணை மருந்தான கிளாவுலனேட் 57 மி.கி. 228 என்பது (அட்டையில் 228.5 என்று இருக்கும்) 5 மி.லி.யில் 200, 28.5. கச்சிதமாகப் பாதி. அதனால் 457 எழுதிய இடத்தில் 228 கொடுத்தால் 5 மி.லி.க்குப் பதிலாக 10 மி.லி. கொடுக்க வேண்டும் என்று சீட்டை எழுதிய டாக்டரைக் கேட்டு, மாற்றி எழுதித் தரவேண்டும். அதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் மாற்றிவிட்டு அளவை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகப் பையனுக்குப் போனது பாதி. அதிலும் பாதியை நீங்கள் கீழே ஊற்றிவிட்டீர்கள். கால்வாசி! காய்ச்சல் எப்படி விடும்.

இப்போதே டாக்டருக்கு ஒரு போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் அடுத்த வேளையிலிருந்து சரியான அளவு. விட்டுப்போனதைச் சேர்த்து ஒரே வேளையில் இரட்டிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். 228ஐயே வைத்து ஓட்டுவதென்றால் ஒரு நாளைக்கு 20 மி.லி. ஆகும், 30 மி.லி. பாட்டில் ஒன்றரை நாளில் காலி, 7 நாளைக்கு 5 பாட்டில். 457 என்றால் 3 பாட்டில். பையனுக்கும் ஒரு வாய் மருந்தாகக் குறையும். நாலு கடை ஏறி இறங்கி 457ஐயே வாங்குங்கள்.

எங்கள் தொழிலில் இந்த மி.லி. என்கிற வார்த்தைதான் பெரிய சனியன். "போன தடவை 5 மி.லி. கொடுத்தோம்" என்று வருவார்கள், எந்த பாட்டிலில் 5 மி.லி. என்று கேட்டால் தெரியாது. காய்ச்சல் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி., சிரப்பில் 5 மி.லி.க்கு 120, 125, 250 என்று மூன்று விதம். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி., அது பெரிய ஆளுக்கான ஒரு முழு மாத்திரை. அதனால் மி.கி. என்ன என்று கேட்டுப் பழகுங்கள், மி.லி. அதிலிருந்து வரட்டும்.

---

ஆண்டிபட்டி கணவாய் எழுதியது:

எதுக்குக்கா இவ்வளவு அலைச்சல். நாங்களெல்லாம் வீட்டில் இருக்கிற 625 மாத்திரையையே நாலாக உடைத்து, ஒரு துண்டைத் தேனில் குழைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம். சிரப் விலைக்கு இது எவ்வளவோ தேவலை. உங்கள் வீட்டுக்காரர் அட்டையிலேயே மிச்சம் இருக்குமே.

---

ஒத்தக்கடை குழந்தை டாக்டர் எழுதியது:

ஆண்டிபட்டி தம்பி, அதைச் செய்யாதீர்கள், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 625 மாத்திரையில் 500 அமாக்சிசிலின், 125 கிளாவுலனேட். அதாவது நாலுக்கு ஒன்று. இந்தப் பிள்ளையின் சிரப்பில் ஏழுக்கு ஒன்று. மாத்திரையை உடைத்துப் பிள்ளைக்குத் தேவையான அமாக்சிசிலினை எட்ட வேண்டுமென்றால் கிளாவுலனேட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகப் போகும், வயிறு பிய்த்துக்கொண்டு போகும். பல பிள்ளைகளுக்கு இந்த மருந்தில் வயிற்றால் போவதற்கு அந்தக் கிளாவுலனேட்தான் காரணம். அப்படி எட்டாமல் நீங்கள் கொடுக்கிற கால் துண்டில் இருப்பது 125தான், அது நோய்க்குக் காணாது. மாத்திரை சமமாக உடைவதும் இல்லை. அப்புறம் தேன், ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. வீட்டுக்காரர் அட்டையில் மிச்சம் இருக்கிறதென்றால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று அர்த்தம், அது தனிக் கச்சேரி.

சரி, திருமங்கலத்துத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. எம்.பி.பி.எஸ். படிக்கும்போது எனக்கே இது உறைக்க நாளாயிற்று. நம் எல்லார் மனதிலும் இருப்பது, ஆள் பாதி என்றால் மருந்தும் பாதி. பழைய காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். வயதை, வயதோடு 12ஐக் கூட்டியதால் வகுத்து, பெரியவர் டோசோடு பெருக்குவது என்று ஒரு சூத்திரமே உண்டு. உங்கள் பையனுக்கு அப்படிப் போட்டால் இரண்டரையை பதினாலரையால் வகுத்து, 500இல் 86 மி.கி. வரும். அதைக் கொடுத்தால் காதில் இருக்கிற கிருமி ஏறெடுத்தும் பார்க்காது.

இப்போது கிலோவுக்கு எவ்வளவு என்று பார்ப்போம். உங்கள் வீட்டுக்காரருக்கு நாளைக்கு 1500 மி.கி., 70 கிலோ, ஆக கிலோவுக்கு 21. பையனுக்கு நாளைக்கு 800, 11.5 கிலோ, ஆக கிலோவுக்கு கிட்டத்தட்ட 70. மூன்று மடங்குக்கு மேல். டாக்டர் கை தவறவில்லை. காதில் சீழ் என்றால் நாங்கள் மேல் அளவில்தான் எழுதுவோம், ஏனென்றால் காதின் உள்ளறைக்குள் மருந்து குறைவாகத்தான் போய்ச் சேரும். இந்த ஏழுக்கு ஒன்று சிரப்பில் 70தான் உச்சம், அதற்கு மேல் போனால் கிளாவுலனேட் தாங்காது. உங்கள் டாக்டர் அந்த உச்சத்தை ஒட்டித்தான் எழுதியிருக்கிறார், கவனமான ஆள்தான்.

ஏன் கிலோவுக்கு அவ்வளவு அதிகம்? இந்த மருந்து தண்ணீரில் கரைகிறது, கிட்னி வழியாக வெளியே போகிறது. இரண்டு வயதுப் பிள்ளையின் கிட்னி, அதன் எடைக்கு வைத்துப் பார்த்தால் நம்முடையதைவிட வேகமாக மருந்தை இறைத்துத் தள்ளும். ஆனால் பிறந்த குழந்தைக்கு அப்படியே தலைகீழ், கிட்னி இன்னும் முழிக்கவே இல்லை. அதனால் பிறந்த முதல் வாரத்தில் இதே வகை மருந்தான ஆம்பிசிலினை 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு 8 மணி நேரத்துக்கு ஒரு தடவையாக மாற்றுவோம். குறை மாதத்தில் பிறந்ததென்றால் இன்னும் இடைவெளி விட்டுக் கொடுப்போம். இந்த வேகத்தின் ஏற்ற இறக்கத்தை நான் என் மாணவர்களுக்கு யானைமலையைக் காட்டித்தான் சொல்வேன், எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும். துதிக்கைப் பக்கம் தாழ்வு, அது பச்சைப்பிள்ளை. ஏறினால் தலை, அது ஒன்றிலிருந்து ஐந்து வயது. முதுகு நாமெல்லாம். வால் பக்கம் சரிந்து போகிறதே, அங்கேதான் உங்கள் மாமியார் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிட்னி மட்டும் இல்லை, ஈரலும் அப்படித்தான். 1950களில் குளோராம்ஃபெனிகால் என்கிற ஆன்டிபயாடிக்கைப் பிறந்த குழந்தைகளுக்குப் பெரிய அளவில் கொடுத்து, அந்தப் பிஞ்சு ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாமல் குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்துபோன கதை உண்டு. செஃப்ட்ரையாக்சோன் என்கிற ஊசி பெரியவர்களுக்குத் தினசரி போடுவது. ஆனால் மஞ்சள்காமாலை இருக்கிற பச்சைக் குழந்தைக்குப் போட மாட்டோம். ரத்தத்தில் பிலிருபினை (காமாலையில் ஏறுகிற மஞ்சள் பொருள்) பிடித்து வைத்திருக்கிற புரதத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும், வெளியே வந்த பிலிருபின் மூளைக்குப் போகும். கால்சியம் கலந்த டிரிப்போடும் சேரக் கூடாது.

இனி மாமியார். ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் என்று ஒன்று இருக்கும், அது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

திருமங்கலத்து மருமகள் எழுதியது:

சார், ரொம்ப நன்றி. டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன், "457ஐயே தேடி வாங்கும்மா, இந்த வேளையிலிருந்து 5 மி.லி." என்றார். வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மாமியார் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.4. பக்கத்தில் நார்மல் 1.2 வரை என்று போட்டிருக்கிறது. கொஞ்சம்தானே கூட?

---

ஒத்தக்கடை குழந்தை டாக்டர் எழுதியது:

இந்தக் "கொஞ்சம்தானே" தான் ஏமாற்றும். கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து, கிட்னி வெளியே தள்ளுகிற கழிவு. 40 கிலோ பாட்டிக்குத் தசை எங்கே இருக்கிறது? அதனால் கிட்னி நன்றாகக் குறைந்த பிறகும் அந்த எண் பெரிதாக ஏறாது. 1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்று இரண்டு பேர் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு கணக்கு கொடுத்தார்கள், இன்றைக்கும் மருந்து அளவு குறைப்பதற்கு அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். 140இல் வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கி அதால் வகு, பெண் என்றால் 0.85ஆல் பெருக்கு.

உங்கள் மாமியாருக்கு 140 கழித்தல் 74, 66. பெருக்கல் 40, 2640. கீழே 72 பெருக்கல் 1.4, 100.8. வகுத்தால் 26, அதை 0.85ஆல் பெருக்கினால் 22. அதாவது கிட்னி நிமிசத்துக்கு 22 மி.லி. ரத்தத்தைத்தான் சுத்தம் செய்கிறது. ஆரோக்கியமான இளவயசுக்காரருக்கு 100க்கு முன்பின் இருக்கும். லீவோஃப்ளாக்சசின் பெரும்பாலும் கிட்னி வழியாகவே போகிற மருந்து. 20இலிருந்து 49க்குள் இருந்தால் முதல் டோஸ் 500, அப்புறம் தினம் 250 என்பதுதான் புத்தகக் கணக்கு. அச்சு அசலாக அதைத்தான் எழுதியிருக்கிறார்.

முதல் நாள் மட்டும் ஏன் முழுசு என்று கேட்பார்கள். குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் குடத்தை நிரப்ப வேண்டும், அதற்குக் குடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தண்ணீர் வேண்டும். நிரம்பிய பிறகு கீழே எவ்வளவு ஒழுகுகிறதோ அதை மட்டும் ஊற்றினால் போதும். பாட்டி குடத்தில் ஓட்டை சின்னது. பக்கத்து வீட்டு அக்கா அளவுக்குத் தினம் 500 ஊற்றினால் வழிந்துவிடும். வழிந்தால் குழப்பமாகப் பேசுவது, தூக்கம் கெடுவது, சில பேருக்கு வலிப்பு, குதிகால் தசைநார் வலி. கிட்னி வழியாகப் பெரிதும் போகாத டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் மாதிரி மருந்துகளுக்கு இந்தக் குறைப்பே தேவையில்லை, அதனால் "வயசானால் எல்லாவற்றையும் பாதியாக்கு" என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு விஷயம் உடனே பாருங்கள். சர்க்கரைக்கு கிளிமிப்பிரைடு அல்லது கிளிபென்கிளமைடு மாத்திரை ஓடுகிறதா? லீவோஃப்ளாக்சசினோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், இந்த நாட்களில் சாப்பாட்டைத் தள்ளிப்போட விடாதீர்கள், குளுக்கோமீட்டர் இருந்தால் காலை மாலை பாருங்கள், வியர்த்துக் கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர். அடுத்தது கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, அல்சருக்கு ஜெலுசில் மாதிரி மருந்து. இதெல்லாம் லீவோஃப்ளாக்சசினை வயிற்றுக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடும், ரத்தத்துக்குப் போகாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

---

செக்கானூரணி நர்ஸ் அக்கா எழுதியது:

எல்லாரும் கணக்கை எழுதிவிட்டார்கள், நான் அந்தப் பாலாடைக்கு வருகிறேன். பாலாடை பால் புகட்டத்தான், மருந்து அளக்க இல்லை. எங்கள் செண்டரில் ஒருநாள் தாய்மார் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, ஊசி கழற்றிய 5 மி.லி. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்த்தோம். ஒரு ஸ்பூனுக்கு 3 மி.லி.யிலேயே வழிந்தது, இன்னொன்று 7 வரைக்கும் பிடித்தது. இரண்டும் "டீஸ்பூன்"தான், ஒன்று கல்யாண சீர், ஒன்று பூஸ்ட் பாட்டிலோடு வந்தது. மெடிக்கலில் ஒரு சிரிஞ்ச் கேளுங்கள், ஊசியைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு வாங்குங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்துக்கு உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரை ஏறும்.

பவுடர் பாட்டிலைக் கலக்குவதும் ஒரு வேலை. முதலில் பாட்டிலைத் தலைகீழாகத் தட்டிப் பவுடரை உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கும் வரை வைத்துவிட்டு, அப்புறம்தான் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். நுரையைப் பார்த்துத் தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தண்ணீர் குறைந்தால் மருந்து கெட்டியாகிவிடும், உங்கள் 5 மி.லி.க்குள் கணக்குக்கு மேல் போகும். கலக்கிய பிறகு ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்தட்டில், 7 நாள்தான். மூன்று பாட்டில் வாங்கினால் மூன்றையும் ஒரேயடியாகக் கலக்கி வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் குலுக்கி எடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் வண்டலும்தான் போகும்.

பிள்ளை மருந்தைக் குடித்த உடனே கக்கினால் (அரை மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) டாக்டரிடம் கேட்டுத் திரும்பக் கொடுக்கலாம், அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளைதான். அப்புறம் எடை. சித்திரைத் திருவிழாவுக்கு முந்திப் போட்ட எடையைச் சொல்லி ஆவணியில் மருந்து எழுதி வாங்குவார்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் போடுகிறார்கள், அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மேலூர்க்காரன் எழுதியது:

பெரியவர்களுக்கு அளவு குறைப்பது பற்றிப் பேசுவதால் எங்கள் அப்பா கதையைச் சொல்கிறேன். 68 வயது, பி.பி., சர்க்கரை. சிறுநீரில் கிருமி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். ஜென்டாமைசின் ஊசி காலையும் மாலையும் போட்டார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது, ஆனாலும் "கோர்ஸ்" என்று ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. கிரியாட்டினின் சேர்க்கிற அன்றைக்குப் பார்த்ததுதான். ஆறாம் நாள் அப்பா, "டேய், அந்த ஃபேன் சத்தத்தை நிறுத்துடா" என்றார். ஃபேன் ஓடவே இல்லை. கரண்ட் இல்லாத நேரம்.

அன்றைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் 1.3இல் இருந்தது 3.8. ஊசியை நிறுத்தினார்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டயாலிசிஸ் இல்லாமலே ஒரு மாதத்தில் 1.7க்கு இறங்கியது. அங்கேதான் ஒரு டாக்டர் விளக்கமாகச் சொன்னார், அந்த மருந்து முழுக்க முழுக்க கிட்னி வழியாகத்தான் போகிறது, கிட்னி குறைந்தவருக்கு இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், ஓரிரு நாளுக்கு ஒரு தடவை கிரியாட்டினின் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று. கிட்னி திரும்பியது, காது திரும்பவில்லை. இன்றைக்கும் அப்பாவுக்கு அந்த ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, டி.வி. சத்தத்தை எங்கள் தெருவே கேட்கும்.

ஆகவே அக்கா, உங்கள் மாமியாருக்கு ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாதியாக எழுதியிருக்கிறார் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள், அடுத்த தடவையும் அவரிடமே போங்கள்.

---

நத்தம் ரோட்டோரம் எழுதியது:

டாக்டர் சார் இருக்கிறதால் ஒன்று கேட்டுவிடுகிறேன். போன மார்கழியில் என் மகளுக்கு, 7 வயது, 20 கிலோ, ஒரு வாரக் காய்ச்சல். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று அலைந்தோம். கடைசியில் ஒரு அம்மா டாக்டர் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தேடி, அக்குளுக்குள் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்பு வடு இருப்பதைக் காட்டினார். ஸ்க்ரப் டைபஸாம், புதரில் இருக்கிற பொடி உண்ணி கடித்து வருவதாம். டாக்சிசைக்ளின் எழுதினார். கடையில், "எட்டு வயசுக்குக் கீழ இது கூடாதே, பல் பழுப்பாயிரும்" என்று தயங்கினார்கள். திரும்ப ஓடிப்போய்க் கேட்டதற்கு, "பல்லைப் பார்க்கிற நேரமா இது, கொடுங்கள்" என்று லேசாகத் திட்டினார். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. ஆனால் இன்றைக்கும் மனதில் அந்தப் பல் பயம் இருக்கிறது. தப்பு செய்துவிட்டோமா?

---

ஒத்தக்கடை குழந்தை டாக்டர் எழுதியது:

இல்லை. அந்த அம்மா டாக்டர் சட்டையைக் கழற்றிப் பார்த்தாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. பல் கறை என்பது பழைய டெட்ராசைக்ளின்களின் பேர். அவை கால்சியத்தோடு இறுக ஒட்டும், டாக்சிசைக்ளின் அவ்வளவு ஒட்டாது. குறுகிய நாள் கொடுத்த பிள்ளைகளின் பற்களைப் பின்னால் பார்த்ததில் கறை காணவில்லை, அதனால் இப்போது 21 நாள் வரைக்குமான சிகிச்சைக்கு எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று குழந்தை மருத்துவ வழிகாட்டல்களே மாறிவிட்டன. 45 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 2.2 மி.கி. வீதம் இரண்டு வேளை. உங்கள் மகளுக்கு வேளைக்கு 44 வந்திருக்கும். கொடுக்காமல் விட்டால் ஸ்க்ரப் டைபஸ் நுரையீரலுக்கும் மூளைக்கும் போகும். மழை முடிந்து பனி விழுகிற மாதங்களில் அழகர்மலை அடிவாரம், நத்தம் பக்கமிருந்து வருகிற ஒரு வாரக் காய்ச்சலுக்கு நான் முதலில் தேடுவதே அந்தக் கறுப்பு வடுவைத்தான். அந்த மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்காமல் இருக்க வேண்டும், நெஞ்சுக்குழாயைச் சுட்டுவிடும்.

எடைக் கணக்கில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கிலோவுக்கு இவ்வளவு என்று ஏற்றிக்கொண்டே போக முடியாது. பன்னிரண்டு வயதில் 55 கிலோ இருக்கிற பிள்ளைகள் இப்போது சாதாரணம். அவர்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் பெரியவர் அளவைத் தாண்டிவிடும், அங்கே பெரியவர் அளவோடு நிறுத்திக்கொள்வோம்.

---

சிலைமான் சின்னவன் எழுதியது:

என் மதினி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதினால் காலையில் எழுந்ததும் போட்டுவிட்டு டயாலிசிஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அது சரிதானா?

---

டவுன்ஹால் ரோடு மெடிக்கல் எழுதியது:

தம்பி, பல ஆன்டிபயாடிக்கை மெஷினே இழுத்து வெளியே கொட்டிவிடும். போட்ட மாத்திரை வீண். டயாலிசிஸ் அன்றைக்கு முடிந்து வந்த பிறகு போடுகிற மாதிரிதான் பெரும்பாலும் எழுதுவார்கள், யூனிட்டில் கேட்டு நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். சீட்டு எழுதுகிறவரிடம் டயாலிசிஸ் என்ற வார்த்தையை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். சளிக்கு ஆன்டிபயாடிக்கே தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம், கர்ப்பிணிகள் கடைக்கு வந்து "அக்காவுக்கு எழுதின மாத்திரை இருக்கு, அதையே குடுங்க" என்று கேட்பது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதே, அது சீட்டில்லாமல் தரக்கூடாது என்பதற்குத்தான். 2014 மார்ச்சிலிருந்து லீவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம், எந்த டாக்டர் எழுதினார் என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருசம் வைத்திருக்க வேண்டும் எங்களுக்கு. நான் எழுதுகிறேன். எல்லாக் கடையிலும் எழுதுகிறார்களா என்று கேட்காதீர்கள்.

---

திருமங்கலத்து மருமகள் எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 457 நான்காவது கடையில் கிடைத்தது. சிரிஞ்சும் வாங்கினேன். நர்ஸ் அக்கா சொன்னபடி என் பாலாடையில் நான் வழக்கமாக ஊற்றுகிற அளவை சிரிஞ்சில் எடுத்துப் பார்த்தேன், மூன்றரை மி.லி.தான் இருந்தது. 5 என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் எல்லா மருந்தும் அப்படித்தான் போயிருக்கிறது. பையனுக்கு நேற்றுக் காலையிலிருந்து காய்ச்சல் இல்லை, கொஞ்சம் வயிற்றால் போகிறது, ஓ.ஆர்.எஸ். கொடுக்கிறேன், டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். 7 நாளும் முடிக்கச் சொல்லியிருக்கிறார்.

மாமியார் கால்சியம் மாத்திரையையும் லீவோஃப்ளாக்சசினையும் காலையில் ஒரே மடக்கில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது கால்சியத்தை ராத்திரிக்கு மாற்றிவிட்டேன். கிளிமிப்பிரைடும் ஓடுகிறது சார், நீங்கள் சொன்னதால் நேற்றுச் சாயங்காலம் சர்க்கரை பார்த்தேன், 68. டீயில் சர்க்கரை போட்டுக் கொடுத்ததும் ஏறிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்ததும் அந்த மாத்திரையை இந்த வாரம் மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறார். குடம், ஓட்டை கதையைச் சொன்னேன். "அப்ப எனக்கு ஓட்டை சின்னது, அவளுக்குப் பெருசு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள், இனி அந்த அக்கா என்னோடு பேசுவார்களா தெரியவில்லை.

கலக்கின 228 பாட்டில் பாதி இருக்கிறது. கலக்காதது ஒன்று இருக்கிறது. என்ன செய்ய?

---

டவுன்ஹால் ரோடு மெடிக்கல் எழுதியது:

கலக்கினதை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், 7 நாளுக்கு மேல் அது ஆகாது. கலக்காததை பில்லோடு அதே கடைக்குக் கொண்டுபோங்கள், மாற்றிக் கொடுத்தது அவர்கள் என்பதால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே டாக்டர் சீட்டையும் எடுத்துப்போய் 457 என்று எழுதியிருப்பதைக் காட்டிவிட்டு வாருங்கள்.